ராசம்மையைப் பார்க்கப் போனது

அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. பானையின் மூடி தட்டுத்தட்டென்று துள்ளியது. வீட்டில் ஆளைக் காணவில்லை.

ஆரியங்கோட்டில் என் கூட்டுக்காரன் தங்கையன் வீட்டு முற்றத்தில் நானும் என் வீட்டுக்காரி பகவதியும் நிற்கிறோம். மோட்டார் சைக்கிளை அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். சைலன்சர் சூடு ஆறும் சத்தம் டிக் டிக்கென்று கேட்கிறது. பாதி அறுத்த பலாப்பழம் சாக்கின்மேல் கிடக்கிறது. அரிவாளில் ஒட்டிய பால்கூடக் காயவில்லை. ஒரு கோழி சுளையைக் கொத்துகிறது, விரட்ட ஆள் இல்லை.

"தங்கையா! எலே தங்கையா! நான் பொன்னையனாக்கும்!"

என் குரல் சின்னக் குரல் இல்லை. சந்தையின் இந்தக் கோடியில் நின்று நான் கூப்பிட்டால் அந்தக் கோடியில் சுமட்டுக்காரன் தலைச்சுமையோடு திரும்பிப் பார்ப்பான். அன்றைக்கு ரப்பர் தோட்டம்தான் என் பெயரைத் திருப்பிச் சொன்னது.

பகவதி வண்டியைப் பிடித்தபடியே நின்றாள். தூசிக்காகத் தலையைச் சுற்றி என் காக்கித் துண்டைக் கட்டியிருந்தாள். கண்ணில் டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. சேலைக்கு மேலே என் பழைய காக்கிக் கோட்டு.

"அவ இஞ்சதான் உண்டு," என்றாள். "கிழங்கு வெந்து இறக்காம ராசம்மை எங்கயும் போவமாட்டா."

"பின்ன எங்க?"

"அதாக்கும் எனக்கும் தெரியல்ல."

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவரைத் தடவித் தடவி அடுக்களைக்குள் போய்ப் பானையை இறக்கி, வெள்ளத்தை வடித்து, மூடிவைத்துவிட்டு வந்தாள். "இல்லேன்னா கரைஞ்சு கூழாட்டுப் போவும்," என்றாள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வரவில்லை.

எந்த வருஷம் என்று கேட்பவர்களுக்கு

நான் படித்தது ரெண்டாம் கிளாஸ். அதிலும் பாதிதான். வருஷம் தேதி எல்லாம் படித்தவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எல்லைக் கலகம் நடந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட மாசம், உங்கள் கணக்கில் சித்திரை. கொல்லாம்பழம், உங்கள் முந்திரிப்பழம், விழுந்து வழியெல்லாம் மணக்கிற சமயம்.

தெற்குத் திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கட்சி. சேரக் கூடாது என்று இன்னொரு கட்சி. எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரே வீட்டில் மாமியார் தமிழில் ஏசுவாள், மருமகள் மலையாளத்தில் திருப்பிக் கொடுப்பாள். அப்படிப்பட்ட ஊரில் கோடு எங்கே போடுவது?

துப்பாக்கி வெடித்தது. ஆள் செத்தான். அதற்குப் பிறகு போலீஸ் வீடு வீடாக ஏறியது. இளைஞர்கள் பகலில் தோட்டத்திலும் பாறை இடுக்கிலும் கிடந்தார்கள்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. கேட்டவர்களிடம், "லாரிக்குப் பாஷை கிடையாது வேய், பெட்ரோல் ஊத்தினா ஓடும்," என்று சொல்லிச் சிரிப்பேன். அது நல்ல பேச்சு என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். எந்தப் பக்கமும் சேராதவனை ரெண்டு பக்கமும் எப்படிப் பார்க்கும் என்று யோசிக்கவில்லை.

என் வண்டி

கருப்பட்டி ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்தவன் நான். பிறகு லாரியில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு ரெண்டு லாரிக்கு முதலாளி. எங்கள் ஊர்ப் பக்கம் சொந்த லாரி வைத்த முதல் ஆள் நான்தான். யாராவது வேறு பெயர் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

உடம்பு தளர்ந்தபோது லாரிகளைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். மூன்றே நாளில் பைத்தியம் பிடித்தது. அப்போது வாங்கினதுதான் மோட்டார் சைக்கிள். யுத்தத்துக்கு வந்த வண்டி. பட்டாளப் பச்சை நிறம். மிதித்து எழுப்பினால் அடுத்த ஊர்க் கோயிலில் மணி அடிப்பது கேட்காது.

எங்கள் தாலுகாவில் அந்த மாதிரி வண்டி ரெண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். இன்னொருவன் நான்.

இதை நான் சாயாக் கடைகளில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "இன்ஸ்பெக்டருக்கும் எனக்கும் மட்டும் உள்ள வண்டியாக்கும்." நான் வரும்போது சந்தை வழிவிடும். பீடி குடித்துக்கொண்டிருந்தவன் பீடியை மறைப்பான். ரெண்டாம் கிளாஸ்காரனுக்கு இந்த மரியாதை யார் கொடுப்பார்? எனக்காக எழுந்து நிற்கிறார்கள் என்றுதான் நம்பினேன்.

பகவதியின் கண்

அந்தக் கோடைக்கு முன்னால் பகவதி வாசல்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த செம்பை எடுக்கத் தவறுவாள். நான் ஏசினேன், அவள் திருப்பி ஏசினாள். அப்படியே சில மாசம் போயிற்று.

திருவனந்தபுரத்தில் கண் டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழுத்தம், நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது என்றார். "ஓரம் எல்லாம் போயாச்சு. நடுவுல கொஞ்சம் மிச்சம் உண்டு. மழைக்காலம் தாண்டினா அதுவும் சொல்ல முடியாது." வெயில் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்.

எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"குருத்தோலையைச் சுருட்டி அதுக்குள்ள பாக்கிறது மாதிரி," என்றாள். "நேரே நின்னா தெரியும். மாறினா நீங்களும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மறுநாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்ச பாருங்க. கண்ணு போறதுக்கு முன்ன நம்ம ஆளுவளை எல்லாம் ஒருக்கப் பாக்கணும். கடைசியாட்டு ராசம்மையைப் பாக்கணும். அவளுக்க முகம் கண்ணுல நிக்கட்டும். பின்ன போனாப் போவட்டு."

ராசம்மை யாரென்றால், தங்கையனின் மனைவி. அதற்கும் முன்னால் பகவதியின் கூட்டுக்காரி. ரெண்டு பேரும் பாவாடை வயசிலிருந்து ஓலைக்கட்டு சுமந்து சந்தைக்குப் போனவர்கள். ஒரே சும்மாட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். ராசம்மை சிரித்தால் சுமை இறக்கிவிட்டுத்தான் சிரிப்பாள், அத்தனை பெரிய சிரிப்பு. பகவதியை எனக்குப் பேசி முடித்ததே ராசம்மைதான். "ஆளு கறுப்பு, வாயி பெருசு, ஆனா கள்ளன் இல்ல," என்று என்னைப் பற்றிச் சிபாரிசு சொல்லியிருக்கிறாள்.

"பஸ்ஸில போவலாம்," என்றாள் பகவதி.

"நான் வண்டி வெச்சிருக்கது என்னத்துக்கு? நாலு பேரு காணட்டு," என்றேன்.

அமரவிளையில் ஒரு முதுகு

முதலில் அமரவிளை. அங்கே சாயாக் கடை வைத்திருந்த செல்லப்பன் என்னிடம் கிளீனராக இருந்தவன். என் லாரியின் அடியில் படுத்து எண்ணெய் குடித்து வளர்ந்தவன் என்றே சொல்லலாம். என்னைக் கண்டால் "மொதலாளி" என்று ரோட்டுக்கே ஓடி வருவான்.

கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். கடையின் ஓடு நாலைந்து உடைந்து, ஓலை சொருகியிருந்தது. பெஞ்சில் தெரியாத ஆட்கள் ரெண்டு பேர்.

செல்லப்பன் எங்களைப் பார்த்தான். பிறகு மலையாளத்தில், "எந்தா வேண்டே? சாயயோ காப்பியோ?" என்று கேட்டான். வழிப்போக்கனிடம் கேட்கிற மாதிரி.

"எலே செல்லப்பா, என்னலே இது?"

அவன் சாயா ஆற்றினான். கிளாசைக் கொண்டுவந்து வைக்கும்போது வாயசையாமல் சொன்னான்: "மொதலாளி, குடிச்சிட்டு போயிருங்க. தமிழு பேசினா மறுபடியும் கல்லு விழும். பின்ன வீட்டுக்கு வாறேன்."

பகவதி அவனைப் பார்க்கக் கழுத்தை நேராக்கி, அங்கேயும் இங்கேயும் திருப்பினாள். அவன் அதற்குள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டான். நாங்கள் எழுந்து போகும்வரை திரும்பவே இல்லை.

வண்டியில் ஏறும்போது கேட்டேன், "கண்டியா அவனை?"

"நான் அவனுக்க முதுகையாக்கும் கண்டேன்," என்றாள்.

வீட்டுக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. ஆட்கள் மாறுவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை, நாலு ஓடு உடைந்தால் போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கடலுக்கு எல்லைக் கல் உண்டா?

அடுத்தது கோட்டுகால். விழிஞ்ஞம் கடலுக்குப் பக்கம். சூசை என்கிற மீன்காரன் வீடு. கருவாடு ஏற்ற என் லாரி அங்கே போகும். முதல் தடவை அவனுக்கும் எனக்கும் அடிதடி, ரெண்டாவது தடவை சேர்ந்து சாப்பாடு. அப்படி வந்த சிநேகம்.

வண்டிச் சத்தம் கேட்டு ஓடாதவன் அந்தக் கோடையில் அவன் ஒருத்தன்தான். வலையை உதறிக்கொண்டே, "வாரும் வாரும், ஜெர்மன்காரன் வாறான்னுல்லா நெனச்சேன்!" என்றான். அவன் மனைவி ரோசம்மா, பிடித்த மீனை அரைமணியில் குழம்பாக்கிக் கிழங்கோடு வைத்தாள். தேங்காய் எண்ணெயும் காந்தாரி மிளகாயும் மூக்கில் ஏறியது. பகவதி ரெண்டாவது தரமும் வாங்கிச் சாப்பிட்டாள்.

"உங்க பக்கம் என்ன வேய் அடி? எல்லைக் கல்லு நாட்டப் போறானுவளாமே," என்று கேட்டான் சூசை. "எனக்க கடல்ல கொண்டு நாட்டச் சொல்லும் பாப்போம். நட்டவனும் போவான், கல்லும் போவும்."

பகவதி விஷயத்தைச் சொன்னாள். சூசை கடைசிவரை கேட்டான். பிறகு எழுந்து, வெயில் முகத்தில் படும்படி நேராகப் போய் நின்றான்.

"இந்தா பாத்துக்க தாயே. ஆனா கடைசியாட்டு பாக்கப்பட்ட மூஞ்சி எனக்குள்ளதுன்னு மட்டும் சொல்லாண்டாம். வேற நல்லதா ஒண்ணு பாரு."

"கடைசி ஒமக்குள்ளது இல்ல அண்ணே," என்றாள் பகவதி. "அது ராசம்மைக்குள்ளது. ஒம்மை நடுவுல பாத்து வெச்சுக்கிடுதேன்."

அன்றைக்குச் சிரித்ததுதான். அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

மறுபடியும் ஆரியங்கோடு

அதற்கடுத்துத்தான் நான் முதலில் சொன்ன ஆள் இல்லாத முற்றம்.

திரும்பி வரும்போது பகவதி, "எங்கயாவது சாவு வீட்டுக்கு ஓடியிருப்பினும்," என்றாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் விட்டு மறுபடியும் கிளம்பினோம். அதே காக்கித் துண்டு, அதே கோட்டு, அதே கண்ணாடி. இந்தத் தடவை கேட்கும்படியாக ஏற்றத்தில் நன்றாக முறுக்கினேன். விருந்தாளி வருவது முன்கூட்டியே தெரிந்தால் இருப்பார்கள் அல்லவா?

முற்றம் காலி. அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது. கொடியில் ஈரச் சேலை. ராசம்மையின் சேலைதான், பகவதி மோந்து பார்த்தே சொன்னாள்.

"எட்டீ ராசம்மே!" என்று தோட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "நான் பகவதியாக்கும்! ஒன்னையப் பாக்க வந்தேன்!" பக்கத்தில் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி எழுப்ப நேரமாகும் என்று அன்றைக்கு நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இறங்கி வரும் வழியில் ஒரு கிழவி, பாறைமேல் ஆடு மேய்த்துக்கொண்டு நின்றாள். வண்டியை நிறுத்தி, தங்கையன் வீட்டார் எங்கே என்று கேட்டேன். கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீரு போலீசு இல்லியா?"

"போலீசா? நான் பாறசாலை லாரிக்காரன் பொன்னையன்! என்னைய இந்தத் தாலுகாவுல தெரியாதவன் உண்டுமா?"

"எனக்குத் தெரியாது," என்றாள் கிழவி. "வண்டிச் சத்தம் தெரியும். இந்தச் சத்தம் கேட்டா இந்த மலையில ஒரு கோழிக்குஞ்சு நிக்காது. தங்கையனுக்க மவன் மணியனைத் தேடியாக்கும் அந்த எமன் இந்த வண்டியில வாறான். ரெண்டு தரம் வந்து அடிச்சு நொறுக்கிட்டுப் போனான். இப்பம் சத்தம் கேட்டதும் குடும்பத்தோட தோட்டத்துக்குள்ள ஓடிருவாவ."

பேசாமல் நான் நின்றது என் ஆயுசில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கிழவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "போன வாரமும் ரெண்டு பேரு வந்தானுவ. நான் இந்தப் பாறையில நின்னு கண்டேன். ஒருத்தன் வண்டி ஓட்டினான். பின்னால ஒருத்தன், காக்கிக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும். அவன் வீட்டுக்குள்ள ஏறி, அடுப்புல கெடந்த கிழங்குப் பானையைக்கூட இறக்கிப் பாத்திருக்கான். மணியன் என்ன, கிழங்குப் பானைக்குள்ளயா இருப்பான்? ஆருடே அந்தப் போலீசு?"

பின்னால் உட்கார்ந்திருந்த பகவதி மெதுவாகத் துண்டை அவிழ்த்தாள்.

"நானாக்கும் அது," என்றாள்.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ரெண்டு பேரும் ஏற்றத்தில் நடந்தோம். அவள் கை என் தோளில். ரப்பர் மரங்களில் பால் எடுக்கும் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. வழியெல்லாம் அவள் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். குரல் போனபிறகு நான் கூப்பிட்டேன்.

மேலே போனபோது கொடியில் சேலை இல்லை. கதவு பூட்டியிருந்தது. பசுவைக் கட்டியிருந்த குற்றியில் கயிறு மட்டும் கிடந்தது. நாங்கள் கீழே கிழவியிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், இனி இந்த வீடு ஆகாது என்று மூட்டை கட்டி, மலைக்கு அந்தப் பக்கம் விளவங்கோட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அங்கே தங்கையனின் அக்காள் வீடு உண்டு.

பகவதி திண்டில் உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம் இருப்போம். சிலவேளை எதையாவது மறந்துட்டு வந்து எடுப்பா," என்றாள். இருந்தோம்.

மின்னலும் இடியும்

கிழவியிடம் சொல்லி அனுப்பினேன். வந்தது போலீஸ் இல்லை, பொன்னையனும் பகவதியும்தான், கண் போகிறதுக்கு முன்னால் பார்க்க வந்தார்கள் என்று. கிழவி ஆட்டை விற்கப் போனபோது அந்தப் பக்கம் போய்ச் சொல்லியும் இருக்கிறாள்.

திரும்பி வந்த பதில் இது: "பகவதியா எனக்க அடுக்களையில ஏறிப் பானையைத் தெறந்து பாத்தா? மணியனைத் தேடவா?"

உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஏதோ ஒரு போலீஸ் வந்ததாகவே இருந்திருக்கும். சொன்னதால் பகவதி உளவு பார்க்க வந்ததாக ஆயிற்று.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மணியன் பிடிபட்டான். அது வேறு ஊரில், வேறு யாரோ காட்டிக்கொடுத்து. எனக்கும் அதற்கும் மயிரளவு சம்பந்தம் கிடையாது. ஆனால் ஊர் கூட்டிப் பார்க்கிற கணக்கு வேறு. இன்ஸ்பெக்டருக்கும் எனக்கும் மட்டும் உள்ள வண்டி என்று சாயாக் கடை சாயாக் கடையாகச் சொன்னவன் யார்? நான்தானே. ஆயிரம் பேர் சாட்சி.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை வந்தது. ஒரு சாயங்காலம் நான் வராந்தாவில் இருக்கிறேன், அவள் பக்கத்தில் பயறு உரிக்கிறாள். வானத்தை ரெண்டாகப் பிளந்த மாதிரி ஒரு மின்னல். எனக்கே கண் கூசியது. பிறகு இடி இடித்தது.

"மின்னிச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

"சரி," என்று சொல்லிப் பயறு உரித்தாள்.

வண்டியை அன்றைக்கே விற்றேன் என்று சொன்னால் உங்களுக்கு நன்றாக இருக்கும். விற்கவில்லை. பிறகும் ஓட்டினேன். ஆனால் அவள் ஏறவில்லை, நானும் கூப்பிடவில்லை.

கல்யாண வீடு

சில வருஷம் போயிற்று. கோடு போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு போயிற்று. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றன. கேசுகள் தீர்ந்து மணியனும் வெளியே வந்தான், ஒரு கால் சரியில்லாமல்.

விளவங்கோட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குச் சொந்தம். பெண் வீட்டார் தங்கையனுக்குச் சொந்தம். ராசம்மை கட்டாயம் வருவாள். "பஸ்ஸில போவலாம்," என்றாள் பகவதி. இந்தத் தடவை நான் எதிர்த்துப் பேசவில்லை.

பந்தல் வாசலில் மணியன் நின்றான். மெலிந்து, கன்னம் ஒட்டி. சின்ன வயசில் என் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஹாரன் அடிக்கட்டா?" என்று கேட்டவன்.

"வாங்க சாரே," என்றான்.

சார் என்று எங்கள் பக்கம் போலீசைத்தான் கூப்பிடுவது வழக்கம். சுற்றி நின்றவர்கள் புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

"மணியா, மாமாடா..."

"கேசெல்லாம் தீந்து போச்சு சாரே. இன்னும் என்ன விசாரணை? சாப்பிட்டிட்டு போங்க."

பகவதி என் கையை அழுத்தினாள். பந்தலுக்குள் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சுமையை இறக்கிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

அவள் என்னை விட்டுவிட்டு நடந்தாள். நாற்காலியில் இடித்து, யாரோ ஒரு பெண்ணின் தோளைப் பிடித்து, சிரிப்பு வந்த பக்கமாக நடந்தாள். ரெண்டு கையும் முன்னால் நீட்டியிருந்தது.

"எட்டீ ராசம்மே," என்றாள். "எட்டீ, நானாக்கும்."

சிரிப்பு நின்றது.

நான் பார்த்தேன். ராசம்மை ஒரு எட்டுத் தூரத்தில் நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். பகவதியின் கை நீண்டு நீண்டு வந்தது. அது இன்னும் ஒரு சாண் வந்தால் அவள் முகத்தில் படும். ராசம்மை பின்னால் ஒரு அடி வைத்தாள். பிறகு இன்னொரு அடி. மணியன் நொண்டி நொண்டி வந்து, தாயின் தோளைப் பிடித்து அடுக்களைப் பக்கம் கூட்டிப்போனான்.

பகவதியின் கை அப்படியே காற்றில் நின்றது. நான் போய்ப் பிடித்தேன்.

சாப்பிடாமல் திரும்பினோம். களியக்காவிளையில் பஸ் மாற வேண்டும். ஒரு கடைப் படியில் நல்ல வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

"அவளுக்க முகம் எப்பிடி இருந்துது?" என்று கேட்டாள்.

"சிரிச்சா," என்றேன்.

"பொய். அவ சிரிச்சா எனக்குக் கேக்கும்."

ஒரு லாரி தூசி கிளப்பிப் போயிற்று. அது அடங்கட்டும் என்று இருந்தேன்.

"பயந்துபோய் நின்னா," என்றேன்.

"ஆரைக் கண்டு? உங்களையா?"

ராசம்மை என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது பகவதியை.

"என்னையத்தான்," என்றேன். "என்னையக் கண்டுதான் பயந்தா."

பகவதியின் முகம் தெளிந்தது. பல வருஷமாக நான் பார்க்காத தெளிவு.

"அப்பம் ஒரு நாளு நான் மட்டும் போவட்டா?" என்றாள். "நீங்க வராண்டாம். ஆரையாவது துணைக்குக் கூட்டி, நான் மட்டும் போய் அவ முன்ன இருக்கேன். என்னையக் கண்டா அவளுக்கு என்ன பயம்?"

"போவலாம்," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் இருந்த காலம் முழுக்க, நினைத்து நினைத்துக் கேட்பாள், ராசம்மையைப் பார்க்க எப்போது போகலாம் என்று. மழை என்பேன். பஸ் ஓடவில்லை என்பேன். ராசம்மை மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாளாம் என்பேன். ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொன்னதில்லை. சாக்குச் சொல்வதில் என்னை மிஞ்ச இந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது.